ஒளியும் உயிரும் – 17: இருக்கிறதா என்பதும் செய்கிறதா என்பதும்

சென்ற பகுதி 1882-ஆம் ஆண்டில், மெசினா நகரில் நின்றது. ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலுக்குள் இலியா மெட்ச்னிகாஃப் முள்ளைச் செருகினார். மறுநாள் காலை அந்த முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருப்பதை நுண்ணோக்கியில் கண்டார். உடலைக் காக்கும் அணுக்களை அவை வேலை செய்துகொண்டிருக்கும்போதே பார்க்க அவரால் முடிந்ததற்குக் காரணம், அந்தக் குஞ்சுக்கு மறைக்க எதுவும் இல்லாததுதான். மனித உடல் அப்படிப்பட்டதல்ல. புற்றுக்கட்டிக்குள் நுழைந்த எதிர்ப்பு அணுக்கள் அங்கே கொல்கின்றனவா, சும்மா நிற்கின்றனவா என்பதை வெளியிலிருந்து அறிய வழியின்றி மருத்துவம் நூறாண்டுக்கு மேல் தவித்தது. இன்று அந்தக் கேள்விக்கு விடை தேடும் கருவிகளுள் முக்கியமானவை ஒளிர்காட்டிகள். தம் இலக்கைச் சந்திக்கும்வரை இருண்டு கிடந்து, சந்தித்ததும் ஒளிரும் சாய மூலக்கூறுகள் அவை. அவற்றின் வரலாற்றைப் பலரும் சாயங்களின் வரலாறாக எழுதுகிறார்கள். என் பார்வையில் அது பாதிக் கதை. ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதைக் காட்டுவதும், அது அங்கே ஒரு செயலைச் செய்வதைக் காட்டுவதும் இரண்டு வெவ்வேறு சாட்சியங்கள் என்பதை அறிவியல் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதே முழுக்கதை. அந்தப் பாடத்தின் ஒரு முக்கிய அத்தியாயம் நம்முடைய மன்னார் வளைகுடாவில் நடந்தது.

தூத்துக்குடி நகரில் பாளையங்கோட்டைச் சாலையை ஒட்டிய மில்லர்புரத்திலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். அந்தக் கடலுக்கடியில்தான் தொளாயிரம் பார் முதலிய முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகள். சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்தலாமா என்று அரசு முடிவெடுப்பதற்கு முன் அந்நாளில் ஒரு சோதனை நடக்கும். பாரிலிருந்து மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துக் கரையில் அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் துளை அளவு குறைந்துகொண்டே போகும் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என மதிப்புப் போடுவார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889-ஆம் ஆண்டு சலாபத்தின்போது தூத்துக்குடிக்கு வந்து இந்த ஏற்பாடுகளையெல்லாம் பார்த்துப் பதிவு செய்தார். சோதனையின் இயல்பைக் கவனியுங்கள். ஒரு சிப்பிக்குள் முத்து இருக்கிறதா என்று அறிய அந்தச் சிப்பியைக் கொன்றாக வேண்டும். பார் முழுவதும் எப்படி இருக்கிறது என்பது ஒரு சிறு மாதிரியிலிருந்து செய்யும் ஊகம். இன்று புற்றுநோய் மருத்துவர் செய்யும் பயாப்சியும் இதே தர்க்கம்தான். கட்டியிலிருந்து நூல் அளவு திசுவை எடுத்து, அதைப் பதப்படுத்தி, வெட்டி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். எடுத்த துண்டில் இருந்தது தெரியும். எடுக்காத இடத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது.

முத்து எப்படி உண்டாகிறது என்ற கேள்வி இதைவிட ஆழமானது. மணல்துகள் சிக்கினால் முத்தாகும் என்ற கதை பள்ளிப் புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு ஆதாரம் மிகக் குறைவு. 1850-களின் இறுதியில் இலங்கையில் பணிபுரிந்த இயற்கையியலாளர் கெலார்ட், முத்துச்சிப்பிக்குள் ஒட்டுண்ணிப் புழுக்களைக் கண்டு, முத்துக்கு அவையே காரணமாகலாம் என்றார். 1902-இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெலை உடன் அழைத்துக்கொண்டு இலங்கைப் பார்களை ஆராய வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவர்களுடைய அறிக்கை இந்தக் கடலைப் பற்றிய மாபெரும் ஆவணம். அதில் ஹெர்ட்மன் உறுதியாகச் சொன்ன முடிவு, நாடாப்புழுவின் இளம்புழுக்களே கீழ்த்திசை முத்தின் காரணம் என்பது. சிப்பியைத் தின்னும் திருக்கை போன்ற மீன்களின் குடலில் அந்தப் புழு முதிர்கிறது, முட்டைகள் கடலுக்கு வருகின்றன, மீண்டும் சிப்பிக்குள் நுழைகின்றன. அழகான வட்டம். சிப்பிகளைத் திறந்தால் புழுக்களின் உறைகள் எங்கும் காணக் கிடைத்ததால் நம்பவும் எளிதாக இருந்தது.

1912-இல் லிஸ்டர் ஜேம்சன் இந்த முடிவை நேருக்கு நேர் எதிர்த்தார். அவர் கேட்ட கேள்வி எளியது: புழு சிப்பிக்குள் இருக்கிறது, சரி, முத்தின் நடுவில் இருக்கிறதா? முத்துகளைக் கரைத்தும் சீவியும் பார்த்த அவர், அவற்றின் மையத்தில் பெரும்பாலும் சிப்பியே சுரந்த ஓட்டுப்பொருள்தான் இருக்கிறது, புழு இல்லை என்று வாதிட்டார். புழு நிறைந்த சிப்பிகளில் முத்தில்லாமல் போவதையும் அவருடைய வாதம் விளக்கியது. ஹெர்ட்மன் தவறிழைத்த இடம் கவனக்குறைவோ சோம்பலோ அல்ல. ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தவர் அவர். உடனிருப்பதைச் செயலாகப் படித்ததே பிழை. புழுவும் முத்தும் ஒரே சிப்பியில் இருந்தன. ஒன்று மற்றொன்றைச் செய்தது என்பதற்கு அந்த உடனிருப்பு சான்றாகாது. எழுபதாண்டு கழித்து டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களை எண்ணத் தொடங்கிய நோய் எதிர்ப்பியலாளர்களும் இதே இடத்தில்தான் வழுக்கி விழுந்தார்கள். அதனாலேயே இந்த விவாதத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்குகிறேன்.

முத்தின் காரணத்தைக் கடைசியில் நிரூபித்தது கண்ணல்ல, கை. சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு சிறு துண்டை வெட்டி, உருண்டைக் கருவோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் பதித்தால், அந்தத் துண்டின் அணுக்கள் கருவைச் சுற்றிப் பையாக வளர்ந்து முத்துப் படலத்தைச் சுரக்கின்றன. ஜப்பானியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமியும் குழுவினரும் 1973 ஜூலையில் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் நம் கடலின் சிப்பியிலேயே உருண்டை முத்தை விளைவித்தார்கள். கருவை மட்டும் வைத்தால் முத்தில்லை. உயிருள்ள மேலுறைத் துண்டும் வேண்டும். எது இருந்தால் போதாது, எது செயல்பட்டால் போதும் என்பதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டிவிட்டது. முத்து என்பது சிப்பியின் எதிர்ப்புச் சக்தியின் விளைவு என்று சிலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள், அதுவும் அவசரம். காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வருபவை சிப்பியின் இரத்த அணுக்கள்; மெட்ச்னிகாஃப் கண்டவற்றின் உறவினர் அவை. படலம் படலமாக முத்தைச் சுரப்பது மேலுறையின் தோலணுக்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன, வேலைகள் வேறு வேறு.

சிப்பியைக் கொல்லாமல் உள்ளே பார்க்க முடியுமா என்ற ஆசையும் இதே காலத்தில் எழுந்தது. பிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் ரஃபாயேல் டியூபுவா 1901-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உயிருள்ள சிப்பிக்குள் முத்தைத் தேடலாம் என்றார். முத்தின் மூலம் ஒட்டுண்ணி என்ற கருத்தை மட்டிகளில் நிறுவ முயன்றவரும் அவரே. ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இன்னொரு காரணத்துக்காக. 1885 முதல் ஒளிவீசும் வண்டுகளிலும், பிறகு ஃபோலாஸ் என்னும் ஒளிவீசும் சிப்பியிலும் அவர் ஒரு சோதனை செய்தார். ஒளி தரும் உறுப்பைக் குளிர்ந்த நீரில் கரைத்தால் சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்துவிடும். வெந்நீரில் கரைத்தால் ஒளி உடனே அணையும். அணைந்த இரண்டையும் ஆறவைத்துக் கலந்தால் மறுபடி ஒளி! ஒன்றில் வெப்பம் தாங்கும் பொருள், மற்றொன்றில் வெப்பத்தில் அழியும் நொதி. அவற்றுக்கு லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்று பெயரிட்டார். இந்தத் தொடரின் போக்கில் இந்தச் சோதனை மிகப் பெரியது. ஒளி ஒரு பொருளின் அடையாளமாக இருப்பதை விட்டு, ஒரு வினை நடந்ததற்குச் சான்றாக மாறியது இங்கேதான். எக்ஸ் கதிர் முத்து இருப்பதைக் காட்டும்; லூசிஃபெரேஸ் நொதி வேலை செய்வதைக் காட்டும். ஒரே மனிதரின் இரு ஆராய்ச்சிகளுக்குள் இரண்டு வகைச் சாட்சியமும் அடங்கியிருந்தன.

ஒளியை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு, அதையும் நம்மவர்களே கண்டு தாண்டினார்கள். 1923-இல் கல்கத்தாவில் சி. வி. ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியோடு நிறம் மாறிய மெல்லிய ஒளி ஒன்றும் வருவதைப் பார்த்தார். திரவத்தில் கலந்திருக்கும் அழுக்கு ஏதோ ஒளிர்கிறது என்பதே முதல் எண்ணம். ‘மெலிந்த ஒளிர்வு’ என்றே அதைக் குறித்தார்கள். அழுக்கு என்றால் சுத்திகரித்தால் குறைய வேண்டும். திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்கள்; குறையவில்லை. வத்ராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். 1928 பிப்ரவரி 28-இல் அது ஒளிர்வே அல்ல, முற்றிலும் வேறொரு சிதறல் என்பது நிலைபெற்றது. இன்று ராமன் விளைவு என்று உலகம் அறிந்தது அதைத்தான். கட்டியின் படத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அந்த ஒளி நாம் செலுத்திய சாயத்திலிருந்து வருகிறதா, திசுவின் இயற்கை ஒளிர்வா, சாயம் பிரியாமல் தேங்கியதால் வந்த மாயையா என்று ஒவ்வொரு ஆய்வாளரும் கேட்டாக வேண்டும். கல்கத்தாவில் கேட்கப்பட்ட கேள்வியே அது. இதே ராமன் பின்னாளில், 1954-இல், டி. கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து முத்துகளின் ஒளியியலையும் ஆராய்ந்தார் என்பது தூத்துக்குடி வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் எதிர்ப்புப் புரதத்தோடு ஒளிர்சாயத்தை இணைத்துக் கிருமியின் மேல் ஒட்டவைத்தார். அதிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி முழுவதும் அடையாளமிடும் கலையின் பொற்காலம். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்த 1961-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜாக் மில்லர், தைமஸ் சுரப்பி எதிர்ப்பு அணுக்கள் உருவாக இன்றியமையாதது என்பதை வெளியிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் டி செல்களின் வகைகள் பிரிக்கப்பட்டன. ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் உள்ள புரதத்துக்கு ஒரு நிறம் என ஒட்டவைத்து எண்ணும் இயந்திரங்கள் வந்தன. கட்டிக்குள் கொல்லும் டி செல்கள் அதிகம் இருக்கும் நோயாளிகள் பொதுவாக நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதும் பல புற்றுகளில் உறுதியானது. இதைச் சொல்லாமல் என் வாதத்தை நகர்த்துவது நேர்மையாகாது: எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஊரில் காவலர் நிறைய இருந்தால் திருட்டு குறையும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. காவலர் உறங்குகிறாரா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது, அவ்வளவுதான். 1990-களில் எலிகளின் நாட்பட்ட வைரஸ் தொற்றுகளில் முதலில் தெரிந்து, பின் புற்றுக்கட்டிகளிலும் காணப்பட்ட நிலை ஒன்று உண்டு. டி செல்கள் இலக்கை அறிகின்றன, இடத்தில் நிற்கின்றன, ஆனால் களைத்துப்போய்க் கொல்ல மறுக்கின்றன. அந்தக் களைப்பை நீக்கும் மருந்துகளுக்கு வழி திறந்த ஜேம்ஸ் ஆலிசனும் தசுகு ஹோஞ்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்த மருந்துகள் வந்த பிறகே பழைய படங்களின் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. மெலனோமா என்னும் தோல் புற்று நோயாளிகள் சிலரிடம் மருந்து தொடங்கிய பின் ஸ்கேனில் கட்டி பெரிதானது. மருந்து பயனில்லை என்று நிறுத்தியிருந்தால் அது கொடிய தவறாகியிருக்கும். கட்டி வளரவில்லை, எதிர்ப்பு அணுக்கள் திரளாக உள்ளே புகுந்ததால் வீங்கியிருந்தது, பிறகு சுருங்கியது. வேறு பலரிடம் உண்மையாகவே வளர்ந்தது. இரண்டும் சி.டி. ஸ்கேனில் ஒன்றுபோலவே தோன்றும். 2017-இல் வெளியான மதிப்பீட்டு நெறிகள், சந்தேகம் இருந்தால் சில வாரங்கள் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கின்றன. காத்திருப்பது அறிவார்ந்த யோசனைதான். ஆனால் வளரும் புற்றோடு காத்திருப்பவர் நோயாளி. அம்பாலாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய சஞ்சீவ் சாம் காம்பீர் குழுவினர் 2009-இல், மூளைப்புற்று நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்ட டி செல்கள் எங்கே போயின என்பதை, கதிரியக்கப் பொருளைக் கொண்டு படமெடுக்கும் பெட் ஸ்கேனில் காட்டினார்கள். மனித உடலுக்குள் சிகிச்சை அணுக்களைப் பின்தொடர்ந்த அரிய சாதனை அது. அதுவும் ‘எங்கே’ என்ற கேள்விக்கான விடையே.

‘என்ன செய்கிறது’ என்பதற்கு விடை தர, டி செல் கொல்லும் முறையை அறிய வேண்டியிருந்தது. கொல்லும் டி செல் இலக்கணுவோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பொருள்களை அதன்மேல் கொட்டுகிறது. பெர்ஃபோரின் அதன் சவ்வில் வழி திறக்கிறது. கிரான்சைம் பி என்னும் நொதி உள்ளே புகுந்து, அஸ்பார்டிக் அமிலம் வரும் இடத்தில் புரதங்களை வெட்டி, அணுவைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது. இவை 1980-களில் தெரியவந்தன. நொதி எங்கே வெட்டும் என்பது தெரிந்துவிட்டால் அது வெட்டுவதற்கென்றே ஒரு சிறு புரதத் துணுக்கைச் செய்யலாம். துணுக்கின் ஒரு முனையில் சாயம், மறுமுனையில் அந்தச் சாயத்தின் ஒளியை விழுங்கும் மூலக்கூறு. வெட்டு விழும்வரை இருள். வெட்டு விழுந்ததும் இரண்டும் பிரிந்து ஒளி. டியூபுவாவின் இரண்டு கரைசல்களில் இருந்த அதே தர்க்கம் நூறாண்டு கழித்து ஒரே மூலக்கூறுக்குள் வந்துவிட்டது. 1999-இல் ஹார்வர்டைச் சேர்ந்த வைஸ்லெடர் குழு, கதெப்சின் என்னும் வேறொரு நொதிக்கு இப்படிப்பட்ட அகச்சிவப்பு ஒளிர்காட்டியை உயிருள்ள எலியில் செயல்படுத்திக் காட்டியது. 2020-இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கான்யி பூ குழு, கிரான்சைம் பி வெட்டியதும் ஒளிர்ந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும் மூலக்கூறை எலிகளில் சோதித்தது. சிகிச்சைக்கு எலி இசைகிறதா என்பதைச் சிறுநீரிலேயே அளக்க முடிந்தது. 2022-இல் எடின்பரோவின் மார்க் வெண்ட்ரெல் குழு, மனிதக் கட்டியின் பயாப்சித் துண்டிலேயே கிரான்சைம் பி வேலை செய்வதை மிகச் சிறிய அளவிலும் ஒளியால் காட்டும் முறையை வெளியிட்டது.

எதிர்வாதங்கள் வலுவானவை. கிரான்சைம் பி கொல்லும் டி செல்லின் தனிச்சொத்து அல்ல. இயற்கைக் கொல்லி அணுக்களும் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் நட்டமில்லை, அவையும் புற்றைக் கொல்பவையே. ஆனால் எதிர்ப்பை அடக்கும் ஒழுங்குபடுத்து டி செல்கள் சிலவும் அதே நொதியைக் கொண்டு நம் பக்கத்து அணுக்களைக் கொல்கின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால் அந்த ஒளி எந்தப் பக்கத்தின் ஒளி? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. செயலைக் காட்டும் சாயம்கூட, யாருடைய செயல் என்று சொல்லாவிட்டால், ஹெர்ட்மனின் புழுவைப் போல நம்மை ஏமாற்றும். இதற்கு இப்போது கிடைக்கும் நல்ல பதில், இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் ஒளிரும் மூலக்கூறுகள்: புற்றணுவுக்கே உரிய ஓர் அடையாளமும் கிரான்சைம் பியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மட்டும் திறப்பவை. அவை இன்னும் எலிகளின் எல்லையைத் தாண்டவில்லை. என்றாலும் பிழையின் தன்மை மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அடையாளச் சாயத்தில் பிழை நேர்ந்தால் அதைத் திருத்த வழியே இல்லை; செயல் சாயத்தில் நேர்ந்தால் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்துத் திருத்தலாம்.

மருத்துவமனையில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட ஒளிர்காட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் பெகுலிசியானின் என்னும் சாயம் மார்பகப் புற்று அறுவைக்கு அனுமதி பெற்றது. கதெப்சின் வகை நொதிகள் வெட்டியதும் ஒளிரும் சாயம் அது. கட்டியை எடுத்த குழிக்குள் மிச்சமிருக்கும் புற்றை அறுவை மேசையிலேயே காட்டுவது அதன் பணி. 357 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான அறுவை முடிந்த பிறகும் 27 பேரிடம் விட்டுப்போன புற்றை இந்த ஒளியின் துணையோடு எடுத்தார்கள். 7.6 விழுக்காடு சிறியதாகத் தோன்றலாம். அந்த 27 குடும்பங்களுக்குச் சிறியதல்ல. ஆனால் கதெப்சின்கள் புற்றணுக்களில் மட்டுமா இருக்கின்றன? கட்டிக்குத் துணைபோகும் பெருவிழுங்கி அணுக்களிலும் ஏராளமாக இருக்கின்றன. ஆகவே அந்த ஒளியில் ஒரு பங்கு எதிர்ப்பு அணுக்களுடையது, அதுவும் தடம் மாறிப்போன எதிர்ப்பு அணுக்களுடையது. கடும் ஒவ்வாமை வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அந்த மருந்தின் விவரக்குறிப்பிலேயே கட்டமிட்டு அச்சாகியிருக்கிறது. உடலுக்குள் சாயம் செலுத்துவதை எளிதாக எண்ணிவிடக் கூடாது.

ஒளி ஆழமாகப் போகாது என்பது அடுத்த தடை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இரத்தமும் மெலனினும் உறிஞ்சிவிடுகின்றன. சற்றே நீண்ட அலைகளுள்ள அண்மை அகச்சிவப்பு இன்னும் ஆழம் போகும். அதுவும் சென்டிமீட்டர் கணக்கில்தான். நுரையீரலிலோ கல்லீரலிலோ உள்ள கட்டியை வெளியிலிருந்து பார்க்க இந்த ஒளி உதவாது. நம் மக்களைப் பொறுத்தவரை இதோடு சேர்த்து எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அது போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது என் கவலை. ஒளிர்காட்டிகள் பெரும்பாலும் வெளிறிய தோலுள்ள ஆய்வக எலிகளில் அளவிடப்படுகின்றன. விரல் நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் சிறு கருவியும் ஒளியைக் கொண்டுதான் இயங்குகிறது. அது கருப்பினத்தவரின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைக் காட்டிலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வெயிலில் உழைத்துக் கறுத்த கடற்கரை மக்களின் தோலுக்கு அப்பால் ஒளியால் அளக்கும் எந்தக் கருவியும், அந்தத் தோலிலேயே அளந்து சரிபார்க்கப்பட்ட பிறகுதான் இங்கே பயன்பட வேண்டும்.

ஆழத்துக்கு பெட் ஸ்கேன் இருக்கிறதே, ஒளிர்காட்டி எதற்கு என்பவர்களும் உண்டு. கிரான்சைம் பியை பெட் மூலம் காணும் முயற்சி நடக்கிறது. பாஸ்டனில் உமர் மஹ்மூத், பெஞ்சமின் லாரிமர் முதலியோர் 2017-இல் அதற்கான கதிரியக்கத் துணுக்கை எலிகளில் வெற்றிகரமாகச் சோதித்தார்கள். உள்ளுறுப்புகளுக்கு அது வந்தே தீர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெட்டில் அதிகம் பயன்படும் ஃப்ளூரின்-18 ஏறக்குறைய 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். சைக்ளோட்ரான் உள்ள பெருநகரத்தில் தயாராகித் தென்கோடிக்கு வரும் ஒவ்வொரு மணி நேரமும் மருந்து கரைந்துகொண்டே இருக்கிறது. ஒளிர்காட்டி குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும் தூள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் எது நடைமுறைக்கு ஏற்றது என்பதைத் தூரமும் நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வாய்ப்புற்று, கழுத்தில் கட்டி, தோலடிக் கட்டி ஆகியவற்றில் திசுவை எளிதில் எடுக்கலாம். எடுத்த திசுவில் ஒளி ஆழம் போக வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் இன்றைய நிலையில் பயாப்சித் துண்டில் செய்யும் சோதனையே நமக்கு மிக நெருங்கிய வழி என்கிறேன்.

பணமும் இதே திசையைக் காட்டுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்னும் களைப்பு நீக்கும் மருந்தை ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தார்கள். முழு அளவு மருந்துக்கு வழியே இல்லாத நாட்டில் இது மாபெரும் செய்தி. அதே ஆய்வு அடுத்த கேள்வியையும் எழுப்புகிறது. எந்த அளவில் டி செல்கள் விழிக்கின்றன? யாருக்கு இந்தக் குறைந்த அளவு போதும், யாருக்குப் போதாது? உயிரோடு இருப்பவர்களை ஓராண்டு கழித்து எண்ணித்தான் அறிய வேண்டுமா? மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான நெக்ஸ்கார்19 டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. அந்நிய விலையோடு ஒப்பிட்டால் மலிவுதான், ஆனாலும் குடும்பங்கள் சொத்தை விற்றுக் கட்டும் தொகை. கட்டணம் கட்டியபின் அணுக்கள் செயல்படுகின்றனவா என்பதை முதல் சில வாரங்களிலேயே அறிவது ஆடம்பரமல்ல.

ஒரு செயல்முறைச் சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது நம் மருத்துவமனைகளின் பழக்கத்தில் இருக்கிறது. பயாப்சித் துண்டு எடுத்த உடனே ஃபார்மலின் குப்பியில் விழுகிறது. ஃபார்மலின் திசுவின் உருவத்தை அற்புதமாகக் காக்கும், அதனால்தான் நோயியல் துறை நூறாண்டுக்கு மேலாக அதை நம்பியிருக்கிறது. ஆனால் அது புரதங்களைப் பிணைத்து நொதிகளை முடக்கிவிடும். அந்தக் குப்பிக்குள் போன துண்டில் டி செல் எத்தனை என்று எண்ணலாம். அதன் கிரான்சைம் வெட்டியதா என்று இனி யாராலும் கேட்க முடியாது. செயலைக் காட்டும் ஒளிர்காட்டி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், துண்டின் ஒரு பகுதியையாவது ஃபார்மலினில் போடாமல், குளிரில் புதிதாக வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு இல்லாவிட்டால் அது பயன்படாது. அதற்குப் புதிய மருந்தும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம். அறுவை அறையிலிருந்து ஆய்வகத்துக்கு ஓர் ஐஸ் பெட்டியும், அதைச் சுமந்து செல்ல ஒரு ஆளும், துண்டை இரண்டாகப் பிரிக்கச் சொல்லும் ஒரு வரி உத்தரவும் போதும்.